உள்நாட்டுப் போர்க்கால ரோம வெண்கலக் காசு: ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எது?

ரோமானிய வெள்ளி டினாரியஸ் ஒன்றிரண்டு சேர்த்துவிட்டவர்கள் அடுத்ததாகக் கேட்பது பெரும்பாலும் இதுதான்: சீசர் கொலையை ஒட்டிய உள்நாட்டுப் போர்க் காலத்து வெண்கலக் காசு ஒன்று வேண்டும், கையில் இருக்கும் பணம் ஒரு காசுக்குத்தான் வரும், யாருடையதை வாங்குவது? செக்ஸ்டஸ் பாம்பேயா, ஆக்டேவியனா, ஆன்டனியா? இதோடு நான் நாலாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். பாதியாக வெட்டப்பட்ட காசு. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டும்.

முதலில் ஒரு விஷயம். கி.மு. 80களின் இறுதியில் ரோம் நகர அச்சகம் வெண்கலம் அடிப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிட்டது. அகஸ்டஸ் (ஆக்டேவியனின் பிற்காலப் பட்டம்) ஆட்சியில்தான் மறுபடி ஆரம்பித்தது. இடையில் இரண்டு தலைமுறைக்குச் சில்லறை என்று ஊருக்குள் ஓடியது தாத்தா காலத்துத் தேய்ந்த காசுதான். அந்த இடைவெளியில் புதிதாக வெண்கலம் அடித்தவர்கள் படையும் கப்பலும் வைத்திருந்த தளபதிகள். அதனால் இந்தக் காலத்து வெண்கலத்தைத் தொட்டாலே ஏதோ ஒரு கட்சியின் காசைத் தொடுகிறீர்கள். நடுநிலைக் காசு என்று ஒன்று கிடையாது. இன்னொன்று, மாற்றுக்குப் புதுக் காசு இல்லாததால் இவை பல பத்தாண்டுகள் கைமாறிக்கொண்டே இருந்தன. தேய்மானம் இல்லாத காசைத் தேடி அலைவது இங்கே வீண் வேலை.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

நான் பார்ப்பது நாலு விஷயம்.

காசில் போர் தெரிகிறதா? யாருக்கு யாரோடு சண்டை, எதற்குச் சண்டை என்பதை அந்த உலோகத்திலேயே காட்ட முடிய வேண்டும். விற்பவர் தந்த சீட்டைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அது எந்தக் காலத்துக் காசாகவும் இருந்துவிட்டுப் போகலாம்.

நமக்குக் கட்டுப்படியாகும் தரத்தில் அது அடையாளம் தெரியுமா? ஏலப் பட்டியலின் அட்டையில் வரும் காசு நமக்கு வராது. பாதி எழுத்து போன, முகம் மழுங்கின காசுதான் வரும். அந்த நிலையிலும் எது பேசும் என்று பார்க்க வேண்டும்.

ஏமாறும் வாய்ப்பு எவ்வளவு? முழுப் போலி ஒரு பக்கம் இருக்கட்டும். வெண்கலத்தில் பெரிய தொல்லை மறுசெதுக்கல். தேய்ந்துபோன அசல் காசை எடுத்து, கூரான கருவியால் முடியையும் எழுத்தையும் புதிதாகக் கீறி விடுவார்கள். காசு அசல், அதில் நீங்கள் பார்ப்பது அசல் அல்ல.

கடைசியாக, வாங்கிய பிறகு வரும் செலவு. இதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன், நாலு காசுக்கும் பொதுவானது.

அழகைக் கணக்கில் சேர்க்கவில்லை. அழகு முக்கியம் என்றால் அதே பணத்தில் நல்ல வெள்ளி வாங்குங்கள், மனம் நிறையும்.

## செக்ஸ்டஸ் பாம்பேயின் அஸ்

சீசரின் எதிரியான தளபதி பாம்பேயின் இளைய மகன் இவர். தந்தை கி.மு. 48இல் எகிப்துக் கரையில் கொல்லப்பட்டார். அண்ணன் க்னேயஸ் கி.மு. 45 மார்ச்சில் ஸ்பெயினின் முண்டாவில் சீசரிடம் தோற்று, சில வாரங்களில் கொல்லப்பட்டார். மிஞ்சியவர் செக்ஸ்டஸ். கி.மு. 43இல் செனட் இவரைக் கப்பற்படைக்கும் கடற்கரைக்கும் தளபதியாக்கியது. அதே ஆண்டு முடிவதற்குள் மூவராட்சி (ஆன்டனி, ஆக்டேவியன், லெபிடுஸ் மூவரின் கூட்டாட்சி) இவர் பெயரைக் கொலைப்பட்டியலில் ஏற்றியது. இவர் சிசிலியைப் பிடித்துக்கொண்டு, ரோமுக்குப் போகும் தானியக் கப்பல்களை மறித்துத் தலைநகரைப் பட்டினி போட்டார்.

அவர் அடித்த அஸ் (ரோமரின் அடிப்படை வெண்கலச் சில்லறைக் காசு) பார்க்க முரட்டுக் காசு. எடை பெரும்பாலும் 20 கிராமை ஒட்டி வரும், 25ஐத் தொடுவதும் உண்டு. நம் பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம், மூன்றை அடுக்கிக் கையில் வைத்துப் பாருங்கள், அந்தக் கனம் பிடிபடும். முன்புறம் இரட்டை முகக் கடவுள் ஜானஸ். பின்புறம் கப்பலின் அணியம், அதாவது முன்பகுதி. அஸ் என்றாலே இந்த இரண்டும்தான், நெடுங்கால மரபு. செக்ஸ்டஸ் அந்த மரபை மாற்றவில்லை, அதற்குள்ளேயே தன் அரசியலை நுழைத்தார். ஜானஸின் இரண்டு முகமும் அவருடைய தந்தை பாம்பேயின் முகம். தலைக்கு மேலே 'மாக்ன்' என்ற எழுத்து, அதாவது மாக்னுஸ், பாம்பேயின் பட்டப்பெயர். அணியத்துக்கு மேலே 'பியுஸ்', கீழே 'இம்ப்'. தந்தைக்குக் கடமை தவறாத மகன், படைத்தலைவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். ரோமில் சந்தைக்குப் போகிறவன் சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய கடவுளின் இடத்தில், சீசரிடம் தோற்ற ஒரு மனிதரின் முகம் வந்து உட்கார்ந்திருக்கிறது. இதைவிடத் துணிச்சலான பிரச்சாரம் அந்தக் காலத்து வெண்கலத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

சரி, வாங்கக்கூடிய தரத்தில் இது எப்படி இருக்கும்? மோசமாக இருக்கும். அச்சு மையத்தில் விழுந்திருக்காது. இரண்டு முகத்தில் ஒன்று பாதி வெளியே போயிருக்கும். மூக்கு தட்டையாகியிருக்கும். ஆனாலும் ஒரு வசதி இருக்கிறது. பழைய குடியரசு அஸ்களில் அணியத்துக்குக் கீழே 'ரோமா' என்று இருக்கும். இதில் அந்த இடத்தில் 'இம்ப்'. அந்த மூன்று எழுத்தில் இரண்டு தெரிந்தாலே காசு பழைய குடியரசு அஸ் அல்ல என்று முடிவாகிவிடும். மொத்தமாக விற்கும் தேய்ந்த ஜானஸ் அஸ் குவியல்களில், விற்பவரே கவனிக்காமல் செக்ஸ்டஸ் காசு கலந்து கிடப்பதுண்டு. கீழ் எழுத்தைப் பாருங்கள், மேலே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

அண்ணன் க்னேயஸும் ஸ்பெயினில் அஸ் அடித்தார். அதில் 'க்ன் மாக்' என்று வரும், ஜானஸ் சாதாரண ஜானஸ். விலைச்சீட்டில் 'பாம்பேயின் மகன்' என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த மகன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரோமக் குடியரசுக் காசுகளுக்கான கிராஃபோர்டு பட்டியலில் செக்ஸ்டஸ் காசின் எண் 479, அண்ணன் காசின் எண் 471.

போலித் தொல்லை இதில் ஒப்பீட்டளவில் குறைவு. அவலட்சணமே இதற்குக் காப்பு, கஷ்டப்பட்டு மறுசெதுக்கினாலும் பெரிய விலை வராது. முகம் மட்டும் பளிச்சென்று இருந்து மற்றதெல்லாம் மழுங்கியிருந்தால் மட்டும் விலகிவிடுங்கள்.

## ஆக்டேவியனின் 'தெய்வ யூலியுஸ்' காசு

எதிர்க்கட்சி. சீசர் கொல்லப்பட்ட அதே ஆண்டு, கி.மு. 44 ஜூலையில், அவருடைய தத்துப்பிள்ளை ஆக்டேவியன் நடத்திய விளையாட்டு விழாவின்போது வால்நட்சத்திரம் ஒன்று தெரிந்தது. சீசரின் ஆன்மா வானேறிவிட்டது என்று ஊர் பேசியது. கி.மு. 42இல் செனட் சீசரைத் தெய்வமாக்கியது. தத்துப்பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்? கி.மு. 38 வாக்கில் இத்தாலியில் அடித்த இந்தப் பெரிய வெண்கலம் இரண்டு வகையில் வருகிறது. ஒன்றில் ஒரு பக்கம் இளந்தாடியோடு ஆக்டேவியன், மறுபக்கம் மாலையணிந்த சீசர். மற்றதில் ஆக்டேவியன் முகத்துக்கு எதிரே ஒரு நட்சத்திரம், மறுபக்கம் மாலைக்குள் 'டிவோஸ் யூலியுஸ்' என்ற எழுத்து மட்டும். ஆக்டேவியனைச் சுற்றி 'டிவி எஃப்', தெய்வத்தின் மகன்.

செக்ஸ்டஸ் காசையும் இதையும் பக்கத்தில் வைத்தால் சண்டை புரியும். ஒருவன் என் அப்பா மாவீரர் என்கிறான், இன்னொருவன் என் அப்பா கடவுள் என்கிறான்.

அந்தத் தாடி சும்மா வளர்ந்ததல்ல, துக்கத் தாடி. பழி தீரும்வரை மழிக்கவில்லை என்று காட்டுவதற்கு. ஆனால் இந்தத் தாடியில்தான் வாங்குபவருக்கு ஆபத்தும் இருக்கிறது. சீசர், ஆக்டேவியன் என்ற இரண்டு பெயரும் ஒரே காசில் இருப்பதால் இதற்கு எப்போதும் கிராக்கி. கிராக்கி இருக்கும் இடத்தில் கருவி வைத்திருப்பவனும் இருப்பான். மழுங்கிப்போன கன்னத்தில் தாடியைக் கீறுவது, சீசரின் மாலையில் இலை இலையாகப் பிரிப்பது, மேடுபள்ளமான தரையை வழித்துச் சமப்படுத்துவது எல்லாம் சாதாரணம். பூதக்கண்ணாடியில் எழுத்தின் அடிவாரத்தைப் பாருங்கள். அச்சில் அடித்த எழுத்து தரையிலிருந்து சரிந்து எழும்பும். கீறி எடுத்த எழுத்தைச் சுற்றி மெல்லிய பள்ளம் ஓடும், எழுத்து வாய்க்காலுக்குள் நிற்பது போல இருக்கும். பச்சை மேற்பூச்சு எழுத்தின் பக்கச் சுவரில் மட்டும் வேறு நிறத்தில் இருந்தாலும் சந்தேகம்தான்.

நட்சத்திர வகையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். இரட்டைத் தலை வகைக்கு அதிக கிராக்கி, ஆனால் தேய்ந்த நிலையில் இரண்டு தலையும் யாரோ இரண்டு பேர் ஆகிவிடும். நட்சத்திர வகையில் மறுபக்கம் பெரிய எழுத்து. பாதி தேய்ந்தாலும் படிக்க வரும்.

## ஆன்டனியின் கப்பற்படை வெண்கலம்

மூன்றில் புத்திசாலித்தனமான காசு இதுதான். கையில் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் படிப்பது அதைவிடக் கஷ்டம்.

கி.மு. 40இல் சீசரின் பழைய தளபதியான ஆன்டனி ஆக்டேவியனின் அக்கா ஆக்டேவியாவை மணந்தார். கி.மு. 37இல் டாரெண்டம் உடன்படிக்கையில், செக்ஸ்டஸை அடிக்க ஆக்டேவியனுக்கு 120 கப்பல் கொடுத்தார். அந்தச் சில ஆண்டுகளில் கிழக்கே அவருடைய கடற்படைத் தளபதிகள் அட்ராட்டினுஸ், பிபுலுஸ், காப்பிட்டோ மூவர் பெயரிலும் வெண்கலம் அடிக்கப்பட்டது. பெரிய காசில் ஆன்டனியும் ஆக்டேவியாவும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கிறார்கள். மூன்று அஸ் மதிப்புள்ள காசில் ஆன்டனியும் ஆக்டேவியனும் ஒட்டிய தலைகளாக, எதிரே ஆக்டேவியா. குடும்பப் படம்தான்.

பின்புறத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று அஸ் காசில் மூன்று கப்பல், இரண்டு அஸ் காசில் இரண்டு, ஒரு அஸில் ஒன்று. நாலு அஸ் மதிப்புள்ள செஸ்டெர்ஷியஸில் கடற்குதிரைகள் நாலு பூட்டிய தேர். கூடவே கிரேக்க எண்ணெழுத்துகள்: டெல்டா நாலு, காமா மூன்று, பீட்டா இரண்டு, ஆல்ஃபா ஒன்று. லத்தீன் தெரியாத துடுப்புக்காரனும் சம்பளத்தை எண்ணிக்கொள்ளலாம்.

பிறகு என்ன சிக்கல்? எழுத்து நீளம். ஆன்டனியின் பதவிகள் எல்லாவற்றையும் சுற்றிலும் எழுதி, மறுபக்கம் தளபதியின் பெயரையும் பதவியையும் எழுதியிருக்கிறார்கள். காசுத் தகடோ சிறியது. தேய்ந்த காசில் மூன்று தளபதிகளில் யார் என்பதே பல சமயம் கப்பலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத்தையும் எடையையும் வைத்து ஊகிப்பதாகிவிடும். கனமான வரிசை, லேசான வரிசை என்று இரண்டு வேறு உண்டு. பெரிய மதிப்புகள் அபூர்வம், அதனால் விலை எகிறும். சிறியவை கட்டுப்படியாகும், ஆனால் அவற்றைக் காட்டி விளக்க நீங்கள் பத்து நிமிஷம் பேச வேண்டியிருக்கும்.

இன்னொரு குறை. இதில் தெரிவது சமாதானம். கி.மு. 32இல் ஆன்டனி ஆக்டேவியாவை விவாகரத்து செய்தது, அடுத்த ஆண்டு ஆக்டியம் கடற்போரில் ஆக்டேவியனிடம் தோற்றது எல்லாம் தெரிந்தவருக்குத்தான் இந்தக் குடும்பப் படத்தில் வயிறு கலங்கும். மனைவியின் முகத்தை இவ்வளவு மரியாதையோடு காசில் வைத்த ரோமர் அதற்கு முன் அநேகமாக இல்லை. அதற்காகவே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

## வெட்டிய பாதிகள்

கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியில், இரண்டு ஊர். ரோன் நதிக்கரையின் வியென்னா (இன்றைய பிரான்ஸின் வியென்) கி.மு. 36 வாக்கில் சீசரையும் ஆக்டேவியனையும் முதுகோடு முதுகாக வைத்து, பின்புறம் கப்பல் அணியத்தோடு காசு அடித்தது. நெமாவ்சுஸ், அதாவது இன்றைய நீம், ஆக்டியத்துக்குப் பிறகு ஆக்டேவியனின் தளபதி அக்ரிப்பாவையும் ஆக்டேவியனையும் அதேபோல வைத்து, பின்புறம் பனைமரத்தில் சங்கிலியால் கட்டிய முதலையை அடித்தது. முதலை எகிப்தைக் குறிக்கும்.

இவற்றில் கணிசமானவை அந்தக் காலத்திலேயே உளியால் இரண்டாகப் பிளக்கப்பட்டவை. சில்லறைத் தட்டுப்பாடு. அகஸ்டஸ் காலத்தில் அஸின் எடை குறைந்தபோது பழைய கனமான காசில் பாதியே ஒரு அஸுக்குச் சரியாக இருந்திருக்கும். வெட்டு பெரும்பாலும் இரண்டு தலைக்கும் நடுவில் விழும், ஆகவே ஒரு பாதியில் ஒருவர் முழுதாக மிஞ்சுவார்.

நெமாவ்சுஸ் பாதியில் அக்ரிப்பா இருக்கும் பக்கத்தைத் தேடுங்கள். அவர் தலையில் கப்பல் மூக்குகள் பதித்த கிரீடம் இருக்கும். அது கி.மு. 36 செப்டம்பர் 3 அன்று நவ்லோக்குஸ் கடற்போரில் செக்ஸ்டஸ் பாம்பேயை நொறுக்கியதற்குக் கிடைத்த பரிசு. செக்ஸ்டஸ் ஓடிப்போய், அடுத்த ஆண்டு மிலெட்டுஸில் கொல்லப்பட்டார்.

நாலில் மிக மலிவு இதுதான். முழு நெமாவ்சுஸ் காசே அதிக விலை இல்லை, பாதி அதைவிடக் குறைவு. ஒரே எச்சரிக்கை: நெமாவ்சுஸில் தலைகளின் இரு பக்கமும் 'பி பி' என்ற எழுத்து இருந்தால் அது கி.மு. 2க்குப் பிந்தையது, போர் முடிந்து ஒரு தலைமுறை ஆனபின் வந்தது. விற்பவர்கள் இதைப் பிரித்துச் சொல்வதில்லை. வெட்டு பழையதா என்றும் பாருங்கள். வெட்டிய முகத்திலும் மற்ற பரப்பில் உள்ள அதே களிம்பு படிந்திருக்க வேண்டும்; அங்கே மட்டும் உலோகம் மினுங்கினால் அது நேற்றைய வேலை.

| | செக்ஸ்டஸ் அஸ் | ஆக்டேவியன் | ஆன்டனி | வெட்டிய பாதி |
|---|---|---|---|---|
| போர் தெரிகிறதா | நேரடியாக | நேரடியாக | மறைமுகமாக | அக்ரிப்பா பாதியில் ஆம் |
| தேய்ந்தாலும் அடையாளம் | 'இம்ப்' உதவும் | நட்சத்திர வகையில் நல்லது | கடினம் | முதலை இருந்தால் எளிது |
| மறுசெதுக்கல் ஆபத்து | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | வெட்டைச் சோதித்தால் போதும் |
| விலை | நடுத்தரம் | நடுத்தரத்துக்கு மேல் | சிறியது நடுத்தரம், பெரியது மிக அதிகம் | மலிவு |
| திருப்பி விற்பது | மெதுவாக | சீக்கிரம் | அறிந்தவரிடம் மட்டும் | லாபம் எதிர்பார்க்க வேண்டாம் |

## சீட்டில் எழுதாத செலவு

வெளிநாட்டு ஏலத்தில் நீங்கள் கேட்ட தொகை கடைசித் தொகை ஆகாது. வாங்குபவர் கட்டணம் பெரும்பாலும் 20 சதவீதத்தை ஒட்டி மேலே ஏறும். அப்புறம் தபால், காப்பீடு, சுங்கம். மலிவான பாதிக் காசுக்குத் தபால் செலவு காசு விலையைத் தாண்டிவிடலாம். ஒரே விற்பனையாளரிடம் இரண்டு மூன்றாக வாங்கினால்தான் கட்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த நாணயமும் தொல்பொருள்தான், தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. லண்டனில் வாங்கி இங்கே கொண்டுவந்துவிட்டால் மறுபடி லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாம் என்ற நினைப்பை விட்டுவிட வேண்டும். இந்த வகைக் காசுக்கு உள்ளூர்ச் சந்தை சின்னது. ஆக, திருப்பி விற்பது பற்றிய வரிசையை இந்தியாவில் இருப்பவர் இன்னும் ஒரு படி இறக்கிப் படிக்கட்டும்.

'கரூர் ஆற்றில் கிடைத்தது' என்று சொல்லி யாராவது இந்த நாலில் ஒன்றைக் காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். கரூர் அமராவதிப் படுகையிலும் மதுரையிலும் கிடைக்கும் ரோமச் செம்புக் காசுகள் பெரும்பாலும் 4, 5ஆம் நூற்றாண்டுச் சிறுகாசுகள். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தில் இங்கே வந்து குவிந்தது வெள்ளியும் தங்கமும்தான். அப்படியே உண்மையில் மண்ணில் கிடைத்தது என்றாலும் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும்.

கடலோர ஊர்க்காரர்களுக்குப் பெரிய செலவு ஈரப்பதம். வெண்கலத்துக்குள் தங்கிய குளோரைடு ஈரத்தோடு சேர்ந்தால் வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பி உலோகத்தைத் தின்னும். நல்ல களிம்பு கெட்டியாக, நகத்துக்கு அசையாமல் இருக்கும். இது தொட்டால் உதிரும். காற்றுப்புகாத டப்பா, சிலிக்கா ஜெல், மாதம் ஒரு முறை எடுத்துப் பார்ப்பது ஆகிய மூன்றும் கட்டாயம். பிவிசி உறைகளைத் தொடவே தொடாதீர்கள்.

## யாருக்கு எது

சீசர் பெயர் காசில் இருக்க வேண்டும், வீட்டுக்கு வருகிறவர்கள் உடனே புரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஆக்டேவியனின் நட்சத்திர வகை. ஆனால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுக்கும் டீலரிடம் மட்டும். கிரேக்கக் காசுகள் ஏற்கெனவே சேர்ப்பவர், எடைத்தராசும் பொறுமையும் உள்ளவர் ஆன்டனியிடம் போகலாம். தலைகளை விட்டுவிட்டுக் கப்பல் தெளிவாக இருக்கும் ஒரு அஸைப் பாருங்கள்.

மற்ற எல்லோருக்கும் என் பதில்: ஆக்டேவியனின் சுமாரான காசு ஒன்றுக்கு ஒதுக்கிய பணத்தை உடைத்து, முகம் போனாலும் 'இம்ப்' தெரியும் செக்ஸ்டஸ் அஸ் ஒன்றும், அக்ரிப்பா இருக்கும் நெமாவ்சுஸ் பாதி ஒன்றும் வாங்குங்கள். தோற்றவனின் காசு, அவனைத் தோற்கடித்ததற்கான கிரீடம் தெரியும் காசு, இரண்டும் ஒரே தட்டில். பணம் அனுப்புவதற்கு முன் விற்பவரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: கிராமில் எடை, சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த படம், விளிம்பின் படம். பாதிக் காசு என்றால் விளிம்போடு வெட்டிய முகத்தின் படமும்.